வெட்டிய இடத்தில் ஒரு நொடி

அத்தியாயம் 9

"டீ சொல்லிட்டு வாரேனுங்க" என்று வெளியே போன வீடியோ எடிட்டர் வம்சி, கதவைச் சாத்திய கையோடு தாழ்ப்பாளையும் போட்டான். அதன் மேல் ஒரு பூட்டு விழும் சத்தமும் கேட்டது.

ஹர்ஷிணி கதவைப் பார்த்தாள். பிறகு தன் முதலாளியைப் பார்த்தாள்.

"டீக்கு இத்தனை பந்தோபஸ்து குடுக்கற கடையை இப்பத்தானுங்க சார் பாக்கறேன்."

சென்னகேசவன் எழுந்துபோய்க் கதவைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். தேக்குக் கதவு. அசையவில்லை. இன்னொரு முறை தள்ளவும் இல்லை. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தானாக எரிந்த மில்லையும் ஆள் வைத்து எரித்த மில்லையும் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். நடக்காத காரியத்தை இரண்டாவது முறை செய்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. காந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது அவர் வேலைக்கு வைத்த ஒரே ஆள் ஹர்ஷிணி.

"பாலுசாமிங்கற பேரைச் சொன்னதுக்கு அப்பறந்தான் அவனுக்கு டீ ஞாபகம் வந்துது. கவனிச்சயா அம்மணி?" என்றார்.

"கவனிச்சனுங்க. கழுத்துல வேர்வையையும் கவனிச்சேன். ஏசி நின்னுபோனதாலன்னு நெனச்சுட்டேன்."

காலை ஒன்பதிலிருந்து போத்தனூர் முழுக்கக் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, மதியம் இரண்டு வரை. வம்சியின் கம்ப்யூட்டரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் மட்டும் மேஜைக்கடியில் இருந்த யூபிஎஸ்ஸின் தயவில் உயிரோடு இருந்தன. அது நிமிடத்துக்கு ஒருமுறை 'பீப்' என்று தன் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்த பிறகு அதைப் போட்டபோது, அரை மணி நேரம் தாங்கும் என்று வம்சி சொல்லியிருந்தான். அதில் பத்து நிமிடம் பேச்சிலேயே போய்விட்டது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஜன்னல் கிடையாது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க நான்கு சுவரிலும் கோழிப்பண்ணைக்காரர்கள் முட்டை அடுக்கும் காகித அட்டைகளைக் கூரை வரை ஒட்டியிருந்தான். தூசி படிந்த சாம்பல் நிறத்தில் ஆயிரக்கணக்கான குழிகள். ஹர்ஷிணிக்கு அவை வாய் திறந்து தன்னையே பார்ப்பதுபோல இருந்தன.

பதினொரு வயதில் ஒரு லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டவள் அவள். அன்றிலிருந்து அடைபட்ட இடத்தில் அவளுக்கு மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்காது. வாய் மட்டும் நிற்காது.

"போனும் வெளிய கூடையில கெடக்குதுங்க. மைக்குல இரையும், வெளிய வெச்சுட்டு வாங்கன்னு எத்தனை மரியாதையாச் சொன்னான். மரியாதைதானுங்க நம்மூர்ல மொத ஆயுதம்."

"கம்ப்யூட்டர்ல நெட் இருக்குதா பாரு."

பார்த்தாள். கேபிளே இல்லை. திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'நெட் கனெக்‌ஷன் குடுக்காதே.'

"திருட்டு சாப்ட்வேருங்க சார். நெட்டுல மாட்டுனா கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சு நிறுத்திப்போடுவான். அவன் திருடுனதுக்கு நாம ஜெயில்ல உக்காந்திருக்கோம்."

அவள் மடியில் ஒரு எவர்சில்வர் பிளாஸ்க் இருந்தது. பாலுசாமியின் மகள் புவனா காலையில் கொடுத்துவிட்டது. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, பாலிதீன் பையில் சுற்றிய இன்சுலின் மருந்தும் ஊசியும்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் பதினாலு ஏக்கர் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் பாலுசாமி. அறுபத்தெட்டு வயது. மூன்று நாளைக்கு முன் காணாமல் போனார். அன்று சாயங்காலமே அவர் பேசும் வீடியோ ஒன்று சொந்தக்காரர்கள் எல்லாருடைய போனுக்கும் வந்தது. 'நான் என்ற இஷ்டத்துக்குக் கோயில் கோயிலாப் போறேன். என்னைத் தேட வேண்டாம். தோட்டங்காட்டை மதன் பாத்துக்குவான்.' போலீஸ் அதைப் பார்த்துவிட்டுப் புகாரை மூடியது. பெரியவர் தெளிவாகப் பேசுகிறார், எங்கேயும் வெட்டு இல்லை, ஒரே மூச்சில் எடுத்த படம் என்றார்கள்.

மகள் புவனா மட்டும் பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். அப்பா தினம் இரண்டு வேளை போட்டுக்கொள்ளும் இன்சுலின் அப்படியே இருந்தது. "கோயிலுக்குப் போறவரு செருப்பை மறப்பாருங்க. இதை மறக்க மாட்டாரு" என்று சென்னகேசவன் முன்னால் வந்து நின்றாள். அண்ணன் மதன்குமார் தோட்டத்தை மனை பிரித்து விற்கத் துடிக்கிறான், அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

"எப்பக் கண்டுபுடிச்சாலும் மொதல்ல இதைப் போடோணுமுங்க" என்று பிளாஸ்கை ஹர்ஷிணி கையில் திணித்தபோது அவள் விரல்கள் ஐஸைவிடச் சில்லென்றிருந்தன.

இப்போது ஹர்ஷிணி பிளாஸ்கை ஆட்டிப் பார்த்தாள். கட்டிகள் மோதும் சத்தம் இல்லை. தண்ணீர்தான் அலம்பியது.

"சார், ஐஸ் கரைஞ்சுபோச்சுங்க."

"தெரியும். மதன்குமாருக்கு இந்நேரம் போன் போயிருக்கும். பல்லடத்துல இருந்து வர முக்கால் மணி நேரம்." சென்னகேசவன் வம்சியின் நாற்காலியில் உட்கார்ந்தார். "பென்டிரைவை எடு. அந்த வீடியோவை இன்னொரு தடவை பாக்கலாம்."

"இருவத்திரண்டு தடவை பாத்துட்டோமுங்க. எனக்கு மனப்பாடம். வேணும்னா நானே பேசிக் காட்டறேன், யூபிஎஸ் மிச்சமாகும்."

"இருவத்திரண்டு தடவையும் போன்ல பாத்தோம். இது எடிட்டர் உக்கார்ற இடம்."

படம் ஓடியது. தென்னந்தோப்பு பின்னால் தெரிய, நாற்காலியில் பாலுசாமி. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. தண்ணீர் ஓடுவதுபோல வழுக்கிக்கொண்டு போனது படம். நாற்பத்தோராவது நொடியில் மட்டும் அவர் முகம் மெல்ல, தூக்கம் கலைவதுபோல, ஒரு சின்ன அசைவு அசைந்தது.

"இங்கதான்" என்றார் சென்னகேசவன். "கோயமுத்தூர்ல ஒட்டுத் தெரியாம ஒட்டற ஆளு யாருன்னு மூணு ஸ்டுடியோல கேட்டேன். மூணு பேரும் வம்சின்னாங்க. ஏன்னு சொல்லு."

"கல்யாண வீடியோவுல அவன் ஒரு காட்சியையும் படக்குனு மாத்த மாட்டானுங்க. மாலை அப்படியே கரைஞ்சு தீபமாகும். தீபம் கரைஞ்சு அத்தையாகும். எங்க அக்கா கல்யாணத்துல பந்திச் சோறு கரைஞ்சு மாப்பிள்ளை மூஞ்சி ஆச்சு. இன்னும் ஊட்டுல சிரிக்கறாங்க."

"அதேதான். அந்தக் கரைசலுக்கு ஒரு நொடி ஆகுது. பழைய காட்சி மங்கிக்கிட்டே போகோணும், புதுசு தெளிஞ்சுகிட்டே வரோணும். சரி, பழைய காட்சியை வெட்டுன எடத்தோட முடிச்சாச்சு. மங்கறதுக்கு மேல ஒரு நொடி படம் வேணுமே. அதை எங்கிருந்து எடுப்பான்?"

ஹர்ஷிணியின் வாய் முதல்முறையாக நின்றது.

"வெட்டி எறிஞ்சதுல இருந்துங்க" என்றாள் மெதுவாக.

"வெட்டைச் சும்மா வெட்டா உட்டிருந்தான்னா நமக்கு ஒண்ணுமே கெடைச்சிருக்காது. ஆனா அவனால உட முடியாது. கை பழகிப்போச்சு. மறைக்கறதுக்குப் போட்ட பூச்சுலயே, மறைச்சதுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

யூபிஎஸ் இப்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை கத்தத் தொடங்கியது.

சென்னகேசவன் விசைப்பலகையின் அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படங்கள். முதல் ஒன்பதில் ஒன்றுமில்லை. பத்தாவதில் உட்கார்ந்திருக்கும் பாலுசாமிக்கு மேல் இன்னொரு பாலுசாமி, பனிமூட்டத்தில் தெரியும் ஆள்போல, எழுந்துகொண்டிருந்தார். வாய் கோணியிருந்தது. கை பின்னால் போயிருந்தது. பதினைந்தாவது படத்தில் அந்தக் கை, பின்னால் இருந்த தென்னந்தோப்பையே கொத்தாகப் பிடித்து இழுத்தது.

"தோப்பை இழுக்கறாருங்க!"

"தோப்பு இல்லை. பச்சைத் துணி. துணி முன்னால உக்கார வெச்சு எடுத்து, பொறகு கம்ப்யூட்டர்ல தோப்பை ஏத்திட்டான். துணி வெலகுன எடத்துல தோப்பு ஏறலை. அங்க என்ன தெரியுது பாரு."

பதினெட்டாவது படம். துணி விலகிய மூலையில், புகைபோல மங்கலாக, வரிசை வரிசையாகக் குழிகள். பெரியவரின் முழங்கை பட்டு அதில் ஓர் அட்டை கிழிந்து தொங்கியது.

"முட்டை அட்டை" என்றாள் ஹர்ஷிணி. "கோழிப்பண்ணைங்க சார்! அவங்க ஊர்ல தடுக்கி விழுந்தா கோழிப்பண்ணை. ஏதோ ஒரு முட்டைக் குடோன்ல வெச்சிருக்காங்க."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் மனம் சரிந்தது. பல்லடத்தைச் சுற்றி எத்தனை நூறு பண்ணை. இருப்பதோ முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு பூட்டிய பெட்டிக்குள். தெரிந்தும் சொல்ல ஆள் இல்லை. பிளாஸ்கில் தண்ணீர் வெதுவெதுப்பாகிக்கொண்டிருக்கிறது. சுவர்கள் ஒரு அங்குலம் உள்ளே வந்ததுபோல இருந்தது. லிஃப்டில் அன்று மேலே சுழலாமல் நின்ற மின்விசிறியின் இறக்கைகளை எண்ணியதுபோல, எதையாவது எண்ணினால் மூச்சு வரும் என்று எதிர்ச்சுவரின் அட்டைகளை எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சாம்பல். நான்கு, ஐந்து.

ஆறாவது அட்டை வெள்ளையாக இருந்தது.

தூசியே இல்லாத, புது அட்டை. நாற்காலியில் உட்கார்ந்த ஆள் எழுந்தால் முழங்கை படும் உயரத்தில்.

அவள் திரையைப் பார்த்தாள். கிழிந்து தொங்கும் அட்டை. சுவரைப் பார்த்தாள். மறுபடி திரை.

"சார்."

"ம்."

"கோழிப்பண்ணை இல்லீங்க." அவள் வெள்ளை அட்டையைக் காட்டினாள். "படத்தை இங்கதான் எடுத்திருக்காங்க. நாம உக்காந்திருக்கற இந்த ரூம்புல."

சென்னகேசவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெள்ளை அட்டையின் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தார். பசை சரியாகக் காயாமல் பிசுபிசுத்தது. அட்டை கையோடு வந்தது. பின்னால் சுவர் இல்லை. கண்ணாடி.

"பாட்டு ரிக்கார்டிங் பண்ணுன பழைய ஸ்டுடியோ" என்றார். "பாடறவங்க அந்தப் பக்கம், மிஷின்காரன் இந்தப் பக்கம். நடுவுல கண்ணாடி. வம்சி அதை மூடி ஒட்டிப்போட்டான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு. ஹர்ஷிணி திரையில் வெறும் வெள்ளை நிறத்தை நிரப்பி, மானிட்டரைத் தூக்கிக் கண்ணாடியை நோக்கித் திருப்பினாள். பால் வெளிச்சம் உள்ளே விழுந்தது. சுருட்டிய கம்பளம். தண்ணீர் பாட்டில். தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்த வெள்ளைச் சட்டை. தோளில் துண்டு.

"பெரியவரே! ஏனுங்க!" அவள் கண்ணாடியை அறைந்தாள். "பாலுசாமி ஐயா!"

வெள்ளைச் சட்டை அசையவில்லை.

பத்தடி தூரம். கையில் மருந்து. நடுவில் ஒரு கண்ணாடி. சிறைக்குள் இன்னொரு சிறை. தான் ஒரு கனவில் மாட்டிக்கொண்டு, அந்தக் கனவுக்குள் இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

சென்னகேசவன் நாற்காலியைத் தூக்கி வீசினார். அது பிளாஸ்டிக். கண்ணாடி சிரித்தது. "ரெட்டைக் கண்ணாடி. கனமா ஏதாவது வேணும். இந்த ரூம்புல கனமா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

இருவரும் யூபிஎஸ்ஸைப் பார்த்தார்கள்.

"அதைப் புடுங்குனா வெளிச்சமும் போயிருங்க."

"வெளிச்சம் போனாப் பரவாயில்லை. கண்ணாடி ஒடைஞ்சாலும் அவரைத் தூக்கிக்கிட்டு எப்படி வெளிய போறது? அந்த ரூம்பும் பூட்டியிருக்கும். நமக்கு ஆள் வேணும் அம்மணி."

"கத்தலாமுங்க. ஆனா இத்தனை அட்டை..."

"முட்டை அட்டை எதிரொலியைத்தான் குறைக்கும். வெளிய போற சத்தத்தைத் தடுக்காது. ஆனா பாதி ஸ்டுடியோக்காரனுக அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கறானுக. நம்பட்டும்." சென்னகேசவன் ஸ்பீக்கர்களைத் தட்டிப் பார்த்தார். "நாம கத்துனா கீழ டீக்கடை வரைக்கும் போகாது. இது கத்துனாப் போகும். இன்னைக்கு ஊருக்கே கரண்ட் இல்லை. மிக்ஸி இல்லை, டிவி இல்லை, லேத் பட்டறை இல்லை. ஊசி விழுந்தாக் கேக்கும். என்ன போடலாம்? சினிமாப் பாட்டுப் போட்டா ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்."

ஹர்ஷிணி ஏற்கெனவே வம்சியின் போல்டர்களைத் திறந்துகொண்டிருந்தாள். பெயர்கள் ஓடின. ஒன்றில் விரல் நின்றது. 'மதன்குமார் வெட்டிங் பைனல் நாலு.'

"சார், இது என்ன மாசமுங்க?"

"ஆடி."

"ஆடி மாசத்துல கெட்டிமேளம் கேட்டா நம்மூர்ச் சனம் சும்மா இருக்குமுங்களா?"

சென்னகேசவனின் மீசை, காலையிலிருந்து முதல்முறையாக, ஒரு பக்கம் உயர்ந்தது.

யூபிஎஸ்ஸின் 'பீப்' ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹர்ஷிணி முகூர்த்தக் காட்சிக்குத் தாவினாள். திரையில் மணமகனுக்குப் பின்னால் பட்டு வேட்டியில் பாலுசாமி, கண் கலங்கி, இரு கையாலும் அரிசி தூவத் தயாராக நின்றார். அவள் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினாள்.

நாதஸ்வரமும் தவிலும் வெடித்தன. அட்டைகளிலிருந்து தூசி கொட்டியது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்ற யாரோ 'கெட்டிமேளம்! கெட்டிமேளம்!' என்று அலறியது மேஜையையே நகர்த்தியது. தாலி கட்டி முடிந்ததும் அவள் மறுபடி முதலில் இருந்து வைத்தாள். மதன்குமார் மறுபடி தாலி கட்டினான். மூன்றாவது முறை கட்டினான். நான்காவது முறை கையைத் தூக்கும்போது எல்லாம் அணைந்தது.

இருட்டு. ஹர்ஷிணி தன் மூச்சைத் தேடினாள். கிடைக்கவில்லை. சென்னகேசவனின் கை அவள் தோளில் வந்து விழுந்தது.

"ஏதாவது பேசு."

"ஒண்ணும் தோணலைங்க."

"அப்ப நிஜமாவே ஆபத்துதான்" என்றார் அவர்.

இருட்டில் அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு சேர்ந்து கொஞ்சம் காற்றும் உள்ளே போனது. அப்போதுதான் படிக்கட்டில் செருப்புகள் கேட்டன. ஒன்று இரண்டல்ல, கூட்டமாக.

"ஏனுங்க, ஆடியில யாருங்க கண்ணாலம் பண்றது?" என்றது ஒரு பெண் குரல்.

"ஓடிப்போன ஜோடியாட்ட இருக்குது. உள்ளாற வெச்சுப் பூட்டிக் கட்டி வெக்கறாங்க!"

"ஏப்பா வம்சி, டீக் கிளாசை வெச்சுப்போட்டு வா. உன்ற ஸ்டுடியோதானே? தொற."

"அது... சாவி எங்கயோ..." வம்சியின் குரல்.

"சட்டைப் பையில தொங்குதேப்பா. கண்ணு தெரியலையா?"

பூட்டு திறந்தது. வெளிச்சத்தோடு வம்சி நின்றான்; அவன் முதுகுக்குப் பின்னால் டீக்கடை மொத்தமும் நின்றது. தான் வரும்வரை கீழேயே காத்திருக்கும்படி மதன்குமார் அவனிடம் சொல்லியிருந்தானாம். ஓடத் தைரியமில்லாமல் மூன்று டீ குடித்திருக்கிறான்.

"எங்க டீ எங்கப்பா?" என்றாள் ஹர்ஷிணி. பதிலுக்கு நிற்கவில்லை. தன் பையிலிருந்த அறுநூறு பக்க மொழிபெயர்ப்பு நாவலை எடுத்துக் கதவு இனி மூடாதபடி இடுக்கில் செருகினாள். "அந்தப் பக்கத்து ரூம்புச் சாவியும் குடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஐயா படுத்திருக்கற ரூம்பு."

கூட்டம் ஒருமுறை மூச்சை இழுத்தது. அதற்கு மேல் வம்சியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பிளெக்ஸ் பேனர்களை ஒதுக்கி மறைந்திருந்த கதவைக் காட்டிச் சாவியையும் கொடுத்ததும் அவனே படியில் உட்கார்ந்துவிட்டான். "மதன் சாருதான் அதட்டி எடுக்கச் சொன்னாங்க. வெட்டிக் குடுத்தாப் பெரியவரை உட்டுர்றேன்னாங்க. அப்பறம் பாத்தா என்ற ரூம்புலயே வெச்சுப்போட்டாங்க" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் அவன் இரு பக்கமும் இரண்டு ஆட்களை உட்கார வைத்தார்.

பாலுசாமியின் உடம்பு கொதித்தது. உதடுகள் வெடித்திருந்தன. ஹர்ஷிணி தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்ததும் கண் திறந்தது. சென்னகேசவன் கூடையிலிருந்து போனை எடுத்து நூற்றியெட்டுக்கும் பிறகு புவனாவுக்கும் பேசினார். இன்சுலின் அளவை மகள் அழுகைக்கு நடுவே சொல்ல, பெரியவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டி, ஊசியை ஹர்ஷிணி கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று நாளாகச் சோறு தண்ணீர் சரியாக இல்லாத கை. ஆனால் அந்த ஒரு காரியத்தில் அது தடுமாறவில்லை.

"மேளம் கேட்டுது" என்றார், குரல் சொரசொரக்க. "செத்துட்டேன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா அது மதன் கண்ணாலத்து மேளம். அந்த நாதஸ்வரக்காரர் ரெண்டாவது வாசிப்புல தப்புவாரு. எனக்குத் தெரியும்." ஊசியை மூடி ஹர்ஷிணியிடம் நீட்டினார். "அன்னைக்கு அழுதேனுங்க, சந்தோசத்துல."



கீழே ஆம்புலன்ஸ் சத்தம் தொலைவில் கேட்டது. அது வந்து சேரும் முன்பே, தெருமுனையில், மதன்குமாரின் வெள்ளைக் கார் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து, பின்னோக்கி நகரத் தொடங்கியது. ஆனால் வம்சி சொன்னதைக் கேட்டிருந்தவர்கள் அதற்குள் அதன் பின்னால் டீக்கடைப் பெஞ்சைக் குறுக்கே போட்டுவிட்டிருந்தார்கள்.

"ஐயா" என்றார் சென்னகேசவன் குனிந்து. "போலீஸ்காரங்க அந்த வீடியோவைப் பாத்துத்தான் புகாரை மூடுனாங்க. அதே மாதிரி நீங்க நடந்ததைச் சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிருவேன். முடியுமுங்களா? ரெண்டு வார்த்தை போதும்."

பாலுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சுவரில் சாய்ந்து நிமிர்ந்தார். ஹர்ஷிணி போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் சிவப்புப் புள்ளி துடித்தது.

"கண்ணு" என்றார் அவர். "நான் நடுவுல நிறுத்துனாலும், இருமுனாலும், பேச்சு வராம உக்காந்துட்டாலும், எதையும் எடுத்துப்போடக் கூடாது. ஆகுங்களா?"

"ஒண்ணையும் எடுக்க மாட்டனுங்க" என்றாள் ஹர்ஷிணி.

அவர் இருமினார். வெகுநேரம் இருமினார். பிறகு காமிராவைப் பார்த்து, தன் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.